கோஷர் கடையில் மச்சாள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மச்சாள் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கிறீர்களா? செய்திதான். மச்சாள் கடைச் சாப்பாட்டைத் தொட்டுப் பதினொரு வருடங்கள். அதற்குக் காரணம் யார் என்று அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. இன்றைக்கு உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என்னை நேரில் கண்டவர்களுக்குத் தெரியும், நான் நாலு வார்த்தை பேசமாட்டேன். எழுத உட்கார்ந்தால்தான் எனக்குத் தைரியம் வரும்.

மச்சாள் என் கணவரின் அக்கா. பெயர் பவளம். லண்டனில் இருக்கிறார். சுத்த சைவம். மீன், இறைச்சி, முட்டை – ஒன்றும் கிடையாது. அதோடு நின்றால் பரவாயில்லை. மச்சம், அதாவது அசைவம், சமைத்த சட்டியில் கத்தரிக்காயை வதக்கினால் அந்தக் கத்தரிக்காயும் மச்சம். மச்சம் கிண்டிய அகப்பையால் பருப்பைக் கிண்டினால் பருப்பும் மச்சம். அவருடைய கணவரும் பிள்ளைகளும் எல்லாம் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு வேறு சட்டி, வேறு அடுப்பு. ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக்கு வரும்போதும் சூட்கேசுக்குள் ஒரு சின்னச் சட்டியோடுதான் வருவார்.

பதினொரு வருடங்களுக்கு முன்பு இவ்வளவு கட்டுப்பாடு இருக்கவில்லை. அப்போது மச்சாள் கடையில் சாப்பிடுவார். கேட்டுவிட்டுச் சாப்பிடுவார். அதாவது, என்னைக் கேட்க வைத்துவிட்டுச் சாப்பிடுவார். விருந்தாளி தானே போய்க் கேட்டால் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு மரியாதை இல்லையாம். நியாயம்தான்.

அன்றைக்கு ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடை. மரக்கறிக் கொத்தையும் ஆட்டிறைச்சிக் கொத்தையும் ஒரே இரும்புக் கல்லில் கொத்துகிறார்களா என்று தெரிய வேண்டும்.

“பிள்ளை, தனிக்கல்லோ எண்டு ஒருக்காக் கேட்டுப்போட்டு வா.”

போனேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர். கொத்துகிற சத்தம் காதை அடைத்தது. வியர்த்து வழிய நின்ற கடைக்காரர், “அக்கா, உங்களுக்கு?” என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வாயைத் திறந்தேன்... “ரெண்டு மரக்கறிக் கொத்து” என்று மட்டும்தான் வந்தது.

“கேட்டனியோ?”

“ஓம் மச்சாள். கேட்டனான். தனிக்கல்லுதான்.”

மூன்றாவது வாயில் ஓர் எலும்புத் துண்டு.

மச்சாள் சத்தம் போடவில்லை. ரிஷுத் தாளில் துப்பி, மடித்து, எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. “அந்த மனுசன் உன்னட்டைப் பொய் சொல்லிப்போட்டான் பிள்ளை” என்றார். நான் தலையைக் குனிந்தேன். ஆமாம் என்று தலையாட்டியதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து கடைச் சாப்பாடு இல்லை. தொலைபேசியில் என்ன பேச்சுத் தொடங்கினாலும் கடைசியில் அந்தக் ‘கொத்துக்கடைப் பொய்யனில்’ வந்துதான் நிற்கும். லண்டனில் கலியாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறார். எனக்கோ, பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வது பழகிவிட்டது.

வெட்கம் நல்ல குணம் என்று பலர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். வெட்கம் பொய்யும் சொல்லும் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன்.

மச்சாள் பத்து நாள் விடுமுறையில் வந்தார். ரொறன்ரோவை இந்த முறை ஒழுங்காகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். எல்லா இடத்துக்கும் சாப்பாட்டுப் பெட்டியோடுதான் போனோம். நயாகராவில் எல்லாரும் அருவியைப் பார்க்க, நாங்கள் கார்த் தரிப்பிடத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு புட்டுச் சாப்பிட்டோம். நாலாம் நாள் படகில் ரொறன்ரோத் தீவுக்குப் போகும்போது அந்தப் பெட்டியைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தீவு முழுக்கப் பொரித்த உருளைக்கிழங்கு வாசம். மச்சாள் ஒரே ஒரு வாழைப்பழத்தோடு நாலு மணித்தியாலம் நடந்தார். சுகர் உள்ள மனுசி. திரும்பி வரும் படகில் கண் இருட்டிக்கொண்டு வந்து சரிந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி ஓடிவந்து கையில் ஓர் இனிப்பைத் திணித்தார். மச்சாள் என்ன செய்தார் தெரியுமா? அந்த மயக்கத்திலும் உறையைத் திருப்பி, அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று வாசித்தார்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. இந்த மனுசி கடையில் ஒரு பிடி சாப்பிடாமல் இருப்பதற்கு நான் சொன்ன ஒரு பொய்தானே காரணம்?

அன்றிரவு மகள் ஆரணி ஒரு யோசனை சொன்னாள். இங்கேயே பிறந்தவள், இருபத்திரண்டு வயது.

“அம்மா, மாமியைக் கோஷர் பிளேஸுக்குக் கூட்டிக்கொண்டு போவமே. டெய்ரி கடையெண்டால் அந்தக் கிச்சினுக்குள்ளை மீற்றே வராது. சீரியஸ்லி.”

அவளோடு படிக்கிற ஒரு யூதப் பெண் சொன்னதாம். கோஷர் என்றால் யூத மதத்தின் சாப்பாட்டு முறை; அதில் பாலையும் இறைச்சியையும் சேர்க்கக் கூடாது. ஆகவே பால் சாப்பாட்டுக் கடை தனி, இறைச்சிக் கடை தனி. எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கச் சமையலறையில் ஓர் ஆள் நிற்பாராம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்ப்பதற்கே ஓர் ஆள் நின்றால் நான் போய் ஒன்றும் கேட்கத் தேவையில்லையே! இப்படி ஒரு கடையைத்தானே நான் ஆயுள் முழுக்கத் தேடினேன்...

கணவர் நம்பவில்லை. “அக்கா வெளியிலை சாப்பிடுறாவோ? அண்டைக்கு ரொறன்ரோவிலை மழைதான்” என்றார்.

வெள்ளிக்கிழமை போவதாக மச்சாள் முடிவு செய்தார். வெள்ளி நல்ல நாள் அல்லவா? குளித்து, திருநீறு பூசி, யூனியன்வில்லில் இருந்து காரில் பதேர்ஸ்ற் வீதிக்குப் போய்ச் சேர மாலை ஐந்து மணி. வீதி நெடுகக் கடைகள். எல்லாம் பூட்டு. கறுப்புத் தொப்பி போட்ட தகப்பன்மாரும் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையில் விறுவிறு என்று நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

யூதர்களுக்கு வெள்ளி பொழுதுபட்டதும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அது சனி பொழுதுபடும்வரை. நமக்கு நல்ல நாள், அவர்களுக்கும் நல்ல நாள். எல்லாரும் நல்ல நாள் பார்த்தால் யார் சமைப்பது?

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மச்சாளுக்கோ முகம் மலர்ந்திருந்தது.

“யாவாரம் நடக்கிற நாளிலை பூட்டுறாங்கள் பார். அப்ப இவங்கள் சரியான ஆக்கள்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். கணவருக்கு வேலை. ஆரணி கார் ஓட்டினாள். முதலில் கண்ணில் பட்ட கோஷர் பலகையைப் பார்த்து நிறுத்தினாள். கதவைத் திறந்ததும் சுட்ட இறைச்சி வாசம் முகத்தில் அடித்தது. மச்சாள் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

கல்லாவில் இருந்த பெண் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நாங்கள் இறைச்சி. பால் சாப்பாடு எதிர்ப்பக்கம், இரண்டாவது கடை” என்று கையைக் காட்டினார்.

வெளியே வந்ததும் மச்சாள் பிடித்துக்கொண்டார். “என்ன பிள்ளை இது? கோஷர் எண்டால் சைவம் எண்டல்லோ சொன்னனீங்கள்?”

“இல்லை மாமி, கோஷரிலை ரெண்டு சைட் இருக்கு. அந்தக் கடையிலை கோப்பிக்குக்கூடப் பால் விடமாட்டினம்.”

மச்சாள் நடுவீதியில் நின்றுவிட்டார். “மச்சக் கடையிலை பாலே இல்லையோ? நான் ரெண்டு சட்டி வைச்சிருக்கிறன் எண்டு என்ரை மனுசன் என்னை விசரி எண்டுறார். இவங்கள் ரெண்டு கடையே வைச்சிருக்கிறாங்கள்!”

“மாமி, கார் வருது!”

இரண்டாவது கடை சின்னது, வெளிச்சமானது. சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ். விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரிபோல மச்சாள் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மூலையில் தாடி வைத்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், ஒரு விளக்குப் பெட்டிக்கு மேல் சலாது இலைகளை ஒவ்வொன்றாக வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பார்க்க நிற்கிற ஆள்.

“என்ன பார்க்கிறார்?” என்று மச்சாள் கேட்டார்.

“பூச்சி மாமி. ஒரு குட்டிப் பூச்சி இருந்தாலும் அவை சாப்பிடமாட்டினம்.”

“பின்னை? பூச்சியும் மச்சம்தானே!” என்றார் மச்சாள். இத்தனை வருடமாகக் கீரை ஆய்வதை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற ஆதங்கம் அந்தக் குரலில் இருந்தது.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு மெனுவைத் திறந்தேன். சூப். பாஸ்ரா. அதற்குக் கீழே... சமன் மீன். அதற்கும் கீழே ரூனா மீன்.

ஆரணியைப் பார்த்தேன். அவளுடைய கண்ணும் மெனுவில் அதே பக்கத்தில்தான் நின்றது.

“ஷிற்... அம்மா, அவைக்கு ஃபிஷ் மீற் இல்லை. ஐ ஃபர்கொட்” என்று காதுக்குள் சொன்னாள்.

மச்சாள் மெனுவை இன்னும் திறக்கவில்லை. கண்ணாடி கைப்பைக்குள். அவருடைய கண் அந்தத் தாடிக்காரரில்தான்.

“பிள்ளை, எல்லாம் சரிதானே? ஒருக்காக் கேட்டுப்போட்டு வா.”

அதே வசனம். பதினொரு வருடம் கழித்து, வேறு வீதியில், வேறு பாஷை பேசுகிற கடையில்.

ஆரணி எழுந்தாள். “நான் கேட்கிறன்.”

“நீ இரு. நான் போறன்” என்றேன். அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

என் இங்கிலிஷ் தொழிற்சாலை இங்கிலிஷ். இருந்தாலும் சொல்லிவிட்டேன். எங்கள் விருந்தாளி மீன் சாப்பிடமாட்டார், முட்டை சாப்பிடமாட்டார், மீன் பட்ட பாத்திரத்தில் சமைத்தால் மரக்கறியும் சாப்பிடமாட்டார். சொல்லி முடித்துவிட்டு, அவர் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் கையில் இருந்த இலையைக் கீழே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! அவர் சொன்ன விவரங்கள் எனக்கே தோன்றாதவை. பொரிக்கிற எண்ணெய் பொது, அதில் மீனும் பொரிக்கிறோம், ஆகவே பொரித்தது எதுவும் வேண்டாம். பாஸ்ராவில் முட்டை இருக்கிறது, வேண்டாம். சூப் பானையில் மீன் போடுவதில்லை, பருப்பு சூப் தரலாம். ஓவன் அடுப்புக்குள் மீன் தட்டும் போகும்... கொஞ்சம் யோசித்தார்.

“ஒரு முழு உருளைக்கிழங்கு. புதுக் கத்தியால் வெட்டி, சீஸும் புரொக்கோலியும் வைத்து, அலுமினியத் தாளில் இரண்டு தரம் சுற்றி ஓவனில் வைக்கிறேன். பேப்பர்த் தட்டில், சுற்றியபடியே கொண்டுவந்து தருகிறேன். அவரே பிரிக்கட்டும். நான் வெளியூர் போனால் எனக்கு இப்படித்தான் செய்விப்பேன். இல்லாவிட்டால் என் சட்டியைக் கொண்டுபோவேன்.”

“தொந்தரவுக்கு மன்னிக்கவும்” என்றேன்.

“எதற்கு மன்னிப்பு? நாள் முழுக்க என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்காமல் சாப்பிடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.”

மேசைக்கு வந்து ஒன்று விடாமல் மச்சாளிடம் சொன்னேன். மீன் இருப்பதையும் சொன்னேன். அவர் முகம் ஒருகணம் இறுகியது. எழுந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

“அந்தாளும் சட்டி கொண்டுதான் திரியுதோ?” என்று கேட்டார்.

“ஓம் மச்சாள்.”

“அப்ப சரி. வரட்டும்.”

உருளைக்கிழங்கு வெள்ளிப் பொட்டலமாக வந்தது. மச்சாள் முதல் தாளைப் பிரித்தார். இரண்டாவதைப் பிரித்தார். ஆவி பறந்தது. ஒரு வாய் வைத்தார். நானும் ஆரணியும் மூச்சு விடவில்லை.

“நல்லாத்தான் கிடக்கு. உறைப்புத்தான் காணாது” என்று சொல்லிக்கொண்டே கைப்பைக்குள் கையை விட்டு ஊறுகாய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

தாடிக்காரர் ஓடி வந்தார். ஓட்டம் என்றால் ஓட்டம்! “மேடம், தயவுசெய்து, வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது” என்று கையைக் கும்பிடாத குறையாகச் சொன்னார். எனக்கு மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

மச்சாள் கொஞ்சமும் கோபப்படவில்லை. மூடியைக்கூடத் திறக்காமல் போத்தலைப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினார். இங்கிலிஷில் மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவர் செய்தது சரி. என்ரை குசினிக்குள்ளை ஆரும் வாளியிலை மீன்குழம்பு கொண்டு வந்தால் நான் விடுவனோ?”

ஊறுகாயும் மீன்குழம்பும் ஒன்றா என்று கேட்காதீர்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. அது போதும்.

பாதி உருளைக்கிழங்கு முடிந்தபோது மச்சாள் நல்ல மனநிலையில் இருந்தார். “பார் பிள்ளை, கேட்டால் வடிவாச் சொல்லுறாங்கள். அண்டைக்கும் நீ கேட்டனிதானே. அந்தக் கொத்துக்கடைப் பொய்யன்தான்...”

நான் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

“மச்சாள், அண்டைக்கு நான் கேட்கேல்லை.”

“என்ன?”

“நான் கேட்கவே இல்லை. லைன் நீளம். எல்லாரும் பார்த்தினம், வெக்கமாக் கிடந்தது. கேட்டனான் எண்டு உங்களிட்டைச் சும்மா சொன்னனான். அந்தாள் ஒண்டும் சொல்லேல்லை.”

ஆரணி கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மச்சாள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். மிச்சம் இருந்த பாதிக் கிழங்கைப் பார்த்தார்.

“இப்ப? இப்பவாவது கேட்டனியோ, இல்லை இதுவும் சும்மாவோ?”

பதினொரு வருடப் பயத்தில் நான் எதிர்பார்த்த ஏச்சு இது இல்லை. ஆனால் எந்த ஏச்சும் இவ்வளவு சுட்டிருக்காது.

“மாமி, அம்மா கேட்டவ. நான் பாத்துக்கொண்டே இருந்தனான். ஃபைவ் மினிற்ஸ் கதைச்சவ. அம்மா! வித் எ ஸ்ட்ரேஞ்சர்!”

மச்சாள் மூலைக்குத் திரும்பித் தாடிக்காரரைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விரலை மடக்கி, “மீன் இல்லை, முட்டை இல்லை, இரண்டு தாள்” என்று இங்கிலிஷில் சொன்னார். எத்தனை ஆயிரம் பேர் அவரை இப்படிப் பார்த்திருப்பார்களோ!

மச்சாள் கரண்டியை எடுத்தார். கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். தாளை நாலாக மடித்துத் தட்டில் வைத்தார்.

“அப்ப அந்த மனுசனை நான் கள்ளன், பொய்யன் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனானே! சிவபெருமானே... நாளைக்கு என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ.”

“எங்கை?”

“எங்கையோ? கொத்துக் கடைக்கு!”

திங்கள் பின்னேரம் போனோம். கடையில் கூட்டம் இல்லை. அதே கல். அதே ஆள். தலை மட்டும் நரைத்துவிட்டது. மச்சாள் என் முதுகில் விரலால் குத்தினார். “முதல்லை நீ கேள்.”

“அண்ணை, மரக்கறிக் கொத்துக்குத் தனிக்கல்லோ?”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “இல்லை அக்கா, ஒரே கல்லுதான். சுத்த சைவம் எண்டால் எடுக்காதேங்கோ. புதுச் சட்டி ஒண்டு கிடக்கு, கொஞ்சம் நிண்டால் அதுக்குள்ளை வேறையாப் போட்டுத் தருவன்.”

“முந்தியும் ஒரே கல்லோ?”

“கடை துறந்த நாளிலையிருந்து ஒரே கல்லுதான். கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறனான்.”

மச்சாள் முன்னுக்கு வந்தார். “தம்பி, நான் லண்டன். உங்களைப் பற்றி அங்கை எல்லாரிட்டையும் கொஞ்சம் பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கடைக்காரர் கொத்துக் கத்தியைக் கையில் வைத்தபடி மச்சாளைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“லண்டனிலையோ? என்ரை கடையை லண்டனிலையும் தெரியுமோ அக்கா!”

மச்சாளுக்குப் புதுச் சட்டியில் கொத்து வந்தது. எனக்குச் சும்மா ஒரு தேத்தண்ணி.

பதில் இத்தனை வருடமும் அந்தக் கல்லடியிலேயே நின்று கொத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.